இந்தப் பரிசோதனை எனக்குத் தேவையா? மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதற்கான முழுமையான வழிகாட்டி

தேவையில்லாத மருத்துவப் பரிசோதனைகளைப் பற்றிச் சென்னையில் யாரிடம் பேச்செடுத்தாலும், "எல்லாம் கமிஷன்தான் சார்" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். கமிஷன் இல்லை என்று சொல்ல முடியாது. நோயாளியை அனுப்பிவைப்பதற்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டியிருந்தது என்பதே அந்த வழக்கத்துக்குச் சான்று. ஆயினும் அதற்குச் சமமான பங்கு வேறு இரண்டு காரணங்களுக்கு உண்டு. ஏதாவது ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் வழக்கும் வசவும் வருமே என்ற மருத்துவரின் பயம் ஒன்று. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்" என்று நாமே கேட்பது மற்றொன்று. கமிஷனைத் தனி நோயாளி ஒருவரால் ஒழிக்க முடியாது. மற்ற இரண்டையும் மருத்துவரின் அறைக்குள் நடக்கும் ஐந்து நிமிடப் பேச்சால் பெருமளவு குறைக்கலாம் என்பதால், இந்த வழிகாட்டி அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அதற்கு முன் ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சு இறுக்கம், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் திடீரென விழுதல், மூச்சுத் திணறல், விபத்தில் தலையில் அடி, பாம்புக்கடி, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குக் கீழே சொல்லப்படும் எதுவும் பொருந்தாது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அங்கே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 108ஐ அழைத்துக் கிளம்ப வேண்டும்.

படி 1: பழைய காகிதங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்

எந்த மருத்துவரும் ஆசைப்படாமலேயே நடக்கும் வீண்செலவு, ஒரே பரிசோதனையை இரண்டாம் முறை எடுப்பதுதான். தெருமுனை கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனை வீட்டு அலமாரியில் கிடக்க, பெரிய மருத்துவமனையில் அதையே மறுபடி எழுதுவார்கள். பழைய முடிவு கண்முன் இல்லாதபோது அவர்களுக்கும் வேறு வழியில்லை. ஆகவே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். தேதி வாரியாக, புதியது மேலே இருக்கட்டும். ஸ்கேன் என்றால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படச்சுருளோ குறுந்தகடோ கூட இருந்தால்தான் இன்னொரு மருத்துவர் தன் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியும். உள்நோயாளியாக இருந்திருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்று மேற்சொன்ன அதே விதிகள் கூறுகின்றன. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மாத்திரைகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்ல முயலாமல், அட்டைகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்வது நல்லது. சித்த மருந்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடி, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த கால்சியம் மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். புதிதாக வந்த தலைசுற்றலுக்குக் காரணம் சில நேரங்களில் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.

படி 2: ஸ்கேனைக் கேட்காதீர்கள், பயத்தைச் சொல்லுங்கள்

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் தொந்தரவு எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவானாலும் சரி, மாலை நேரத் தனியார் கிளினிக்கானாலும் சரி, பின்னால் வரிசை நீண்டிருக்கும் என்பதால் நான்கைந்து வரிகளாக எழுதி வைத்துக்கொண்டு சொன்னால் எதுவும் விட்டுப்போகாது.

அதற்கு அடுத்ததாக, உங்கள் மனத்தில் உள்ள பயத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "டாக்டர், எங்க பெரியப்பாவுக்கு இப்படித் தலைவலியாத்தான் ஆரம்பிச்சுது, அப்புறம் மூளைல கட்டின்னு சொன்னாங்க. அதான் பயமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், மருத்துவர் கண்ணின் அடிப்பகுதியைக் கருவியால் பார்த்து, நடையையும் கைகால் வலிமையையும் சோதித்து, எதனால் இது கட்டியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதை விளக்க முடியும். அதே ஆள் பயத்தை மறைத்துக்கொண்டு "ஸ்கேன் எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொன்னால், மறுத்துப் பேச நேரமில்லாத மருத்துவர் எழுதிக் கொடுத்துவிடுவார். கேட்டது கிடைத்துவிடும், தலைவலிக்கான காரணத்தை யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இங்கே சென்னைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அம்மா மடிப்பாக்கத்தில் தனியாக இருப்பார். மகன் நியூ ஜெர்சியிலிருந்து வீடியோ அழைப்பில் வந்து, "எல்லா டெஸ்ட்டும் எடுத்துடும்மா, காசைப் பத்திக் கவலைப்படாத" என்பார். தூரத்தில் இருப்பவருக்கு அக்கறையைக் காட்ட இருக்கும் ஒரே வழி அது என்பது புரிகிறது. ஆனால் அந்த அழைப்புதான் எழுபது வயதுப் பெண்மணியை ஆம்புலன்ஸ் படுக்கை முதல் ஸ்கேன் அறை வரை அலைக்கழிக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் மகனையோ மகளையோ மருத்துவரிடமே தொலைபேசியில் பேசவைத்து, அடுத்த படியில் வரும் கேள்வியை அவரையே கேட்கச் சொல்வது பலன் தரும்.

படி 3: பரிசோதனை எழுதும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி

அமெரிக்காவில் 2012இல் ஏ.பி.ஐ.எம். என்ற மருத்துவ அமைப்பின் அறக்கட்டளை 'சூசிங் வைஸ்லி' (அறிந்து தேர்ந்தெடுத்தல்) என்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவத் துறையும் தன் துறையிலேயே அடிக்கடி வீணாகச் செய்யப்படும் பரிசோதனைகளையும் சிகிச்சைகளையும் தானே பட்டியலிட வேண்டும், நோயாளிகள் அதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியாவிலும் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பின் முயற்சியால் புற்றுநோய்த் துறைக்கென அத்தகைய பத்துப் பரிந்துரைகள் 2019இல் வெளிவந்தன. அந்த இயக்கம் நோயாளிகளுக்குச் சொல்லித்தந்த கேள்விகள் எளியவை: இது உண்மையிலேயே தேவையா, இதில் என்ன ஆபத்து, இதைவிட எளிய வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும், செலவு எவ்வளவு.

ஐந்தையும் ஒப்பித்தால் நம் ஊரில் சில மருத்துவர்கள் முகம் சுளிக்கக்கூடும். என் கணிப்பில் அவற்றின் சாரம் முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: "டாக்டர், இந்த டெஸ்ட்ல என்ன வந்தா, என்ன மாத்துவீங்க?" முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை அதேதான் என்றால் அந்தப் பரிசோதனை இப்போதைக்குத் தேவையில்லை. முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் என்றால் அதை எடுக்கத்தான் வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. இந்தக் கேள்வி மருத்துவரைச் சந்தேகிப்பதாகவும் ஒலிக்காது.

முதுகுவலியை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் வரை தினமும் இருசக்கர வண்டியில் போய்வரும் நாற்பது வயதுக்காரருக்கு இரண்டு வாரமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எழுதப்படுகிறது.

"இந்த எம்.ஆர்.ஐ.ல என்ன வந்தா, என்ன மாத்துவீங்க டாக்டர்?"

"டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்குன்னு வரலாம். வந்தாலும் இப்போதைக்கு இதே மாத்திரை, இதே பிசியோதெரபிதான்."

"அப்போ கொஞ்ச நாள் பார்த்துட்டு எடுத்துக்கலாமா?"

"தாராளமா. ஆறு வாரத்துல சரியாகலைன்னா எடுப்போம். ஆனா கால் வலு குறைஞ்சாலோ, யூரின், மோஷன் கட்டுப்பாடு போனாலோ, உட்கார்ற இடத்துல மரத்துப் போனாலோ அன்னைக்கே வந்துடணும்."

இந்த உரையாடலில் மருத்துவர் சொன்ன கடைசி வாக்கியம்தான் விலைமதிப்புள்ளது. அவர் சொன்னவற்றோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்புக் காசநோய் இன்னும் உள்ள நாடு இது. இவை எதுவும் இல்லாதபோது அவசரப்பட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. தீங்கற்றது என்று நினைப்பதும் தவறு. அதில் கதிர்வீச்சு இல்லைதான். ஆனால் வலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. வலிக்குத் தொடர்பே இல்லாத அந்தப் பிதுக்கம் அறிக்கையில் அச்சாகி வந்தபின், குனியப் பயம், எடை தூக்கப் பயம், கடைசியில் அறுவைசிகிச்சை ஆலோசனை வரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சுக் கணக்கும் உண்டு. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைத் தரும். இயற்கையிலிருந்து உலக மனிதர் ஒருவர் ஓராண்டில் சராசரியாகப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட்தான். தேவையானபோது இது பொருட்டே அல்ல. குழந்தைகளுக்கும் அடிக்கடி ஸ்கேன் எடுக்க நேர்பவர்களுக்கும், அல்ட்ராசவுண்டிலேயே விடை கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நியாயமானது.

காய்ச்சல் காலம்: எடுக்க வேண்டியதும் வேண்டாததும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆய்வகங்களில் கூட்டம் நெரியும். இங்கே ஒரே பரிசோதனை ஒரு நாளில் வீணாகவும் இன்னொரு நாளில் உயிர்காப்பதாகவும் இருப்பதைக் காணலாம். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் பயன்படும், ஐ.ஜி.எம். பரிசோதனை அதற்குப் பின்னரே நம்பத்தக்க விடை தரும். ஆகவே "இன்னைக்குக் காய்ச்சல் எத்தனாவது நாள்" என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்வதே பாதிப் பரிசோதனைக்குச் சமம். டெங்கு உறுதியானபின் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் அல்ல. காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் ஆபத்தான கட்டம்; கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் ஆகியவை தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைவிட முக்கியமான எச்சரிக்கைகள். இரத்தப்போக்கு இல்லாத நிலையில், தட்டணுக்கள் 10,000க்குக் கீழே இறங்காதவரை அவற்றை ஏற்றுவதால் பொதுவாகப் பலனில்லை. இருந்தும் எண்ணிக்கை 60,000 என்று வந்தவுடனேயே குடும்பக் குழுக்களில் "பிளேட்லெட் டோனர் தேவை" என்று செய்தி பறக்கத் தொடங்கிவிடுகிறது.

டைபாய்டுக்காக எடுக்கும் 'வைடால்' இரத்தப் பரிசோதனையின் கதை வேறு. "டைபாய்டு லேசா இருக்காம்" என்று நாம் அடிக்கடி கேள்விப்படுவதற்குக் காரணம் இதுதான். டைபாய்டு பரவலாக உள்ள ஊரில், முன்பு எப்போதோ வந்து போன தொற்றினாலும் தடுப்பூசியாலும்கூட இது நேர்மறையாகக் காட்டும். உண்மையான டைபாய்டின் முதல் வாரத்தில் எதிர்மறையாகவும் காட்டக்கூடும். டைபாய்டு என்று மருத்துவர் உண்மையாகவே சந்தேகித்தால், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன், இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'பிளட் கல்ச்சர்' எடுக்க முடியுமா என்று கேளுங்கள். செலவு கூடுதல், முடிவுக்குச் சில நாட்கள் காத்திருக்கவும் வேண்டும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதுவே சொல்லும்.

படி 4: 'முழு உடல் பரிசோதனை' என்ற சலுகையை நிதானமாகப் பாருங்கள்

ஆய்வகம் கொடுக்கும் 'இயல்பு அளவு' எப்படி வந்தது என்பதை அறிந்தால் இந்தத் தொகுப்புகளின் மீதுள்ள மயக்கம் தெளிந்துவிடும். நலமாக இருக்கும் பலரைச் சோதித்து, அவர்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும் எல்லையையே பெரும்பாலும் இயல்பு என்று வைக்கிறார்கள். எனவே எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த ஒரு பரிசோதனை தடித்த எழுத்தில் அச்சாகி வரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளைச் சேர்த்து எடுத்தால், முற்றிலும் நலமான ஒருவருக்குக்கூட ஏதேனும் ஒன்று எல்லை தாண்டி வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. விளம்பரங்களில் வரும் தொகுப்புகளோ அறுபது, எண்பது என்று எண்ணிக்கையைப் பெருமையாகப் போடுகின்றன. அந்த ஒரு தடித்த எழுத்துக்காக அடுத்த பரிசோதனை, அதற்காக ஒரு ஸ்கேன், அதில் தெரியும் ஏதோ ஒரு புள்ளிக்காக ஊசி குத்தித் திசு எடுத்தல் என்று சங்கிலி நீள்கிறது.

இந்தச் சங்கிலி ஒரு நாட்டின் அளவில் என்ன செய்யும் என்பதற்குத் தென்கொரியா எடுத்துக்காட்டு. அங்கே உடல் பரிசோதனையோடு தைராய்டு அல்ட்ராசவுண்டும் பரவியதால், 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 15 மடங்கானது. அதனால் இறப்போர் விகிதம் மாறவே இல்லை. கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் சுரப்பியை இழந்து வாழ்நாள் முழுதும் மாத்திரைக்கு ஆளானார்கள்.

தொகுப்புகளில் சேர்க்கப்படும் சி.ஏ. 125 போன்ற 'கேன்சர் மார்க்கர்கள்' (புற்றுநோயைக் காட்டக்கூடும் என்று இரத்தத்தில் பார்க்கும் அளவுகள்) அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மாதவிடாய், கருப்பை நார்க்கட்டி, கர்ப்பம் ஆகியவற்றிலும் சி.ஏ. 125 உயரும். நலமாக உள்ளவர்களுக்கு வைட்டமின் டி அளவைப் பார்ப்பதை உட்சுரப்பியல் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஆதரிக்கவில்லை.

அப்படியானால் ஒன்றுமே எடுக்க வேண்டாமா என்றால், எடுக்க வேண்டியவை மலிவானவை, விளம்பரம் இல்லாதவை. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும், பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனையும், புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்ப் பரிசோதனையும் அவசியம். இவை அரசு சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கின்றன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கொருமுறை விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பார்க்காமல் விடுவது, பரிசோதனையை மிகையாக எடுப்பதைவிடப் பெரிய தவறு. அதேசமயம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனையை மாதாமாதம் எடுப்பதில் பொருளில்லை. "அடுத்தது எப்போ எடுக்கணும் டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு அறிக்கையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: சிகிச்சைக்கும் இதே அளவுகோல்

"உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்பது கிளினிக்குகளில் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள். 500 மில்லி அளவுள்ள ஐந்து விழுக்காடு குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இளநீரோ, கஞ்சியோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ அதே வேலையைச் செய்யும். நரம்பில் ஊசி குத்திய இடம் வீங்குவதும் இல்லை.

சளி, தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றின்மேல் வேலை செய்யாது. மருத்துவர் எழுதாவிட்டால் மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குகிறோம் என்பதால் இதில் மருத்துவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மருந்து வேண்டாம் என்று முடிவாகும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்: எத்தனை நாளில் சரியாகும், அதுவரை என்ன செய்யலாம், எது தெரிந்தால் உடனே வர வேண்டும். இவை கையில் இருந்தால் காத்திருப்பதும் ஒரு சிகிச்சையாகிவிடும்.

பெரிய சிகிச்சைகளில் 'அவசரமா, திட்டமிட்டதா' என்ற கேள்வி முன்னால் வர வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும்; அங்கே தாமதம் கூடாது. நடந்தால் மட்டும் வந்து, நின்றால் போய்விடும் நிலையான நெஞ்சுவலி வேறு. 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், இத்தகையோருக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸைச் சேர்ப்பது இறப்பைக் குறைக்கவில்லை. அடிக்கடி வலி வருபவர்களுக்கு வலி குறைந்தது. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதால், "எனக்கு அடைப்பு எந்தக் குழாயில், மருந்தில் பார்க்க இடமிருக்கிறதா?" என்று கேட்பது அறிவுடைமை. ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போது வெளியே நிற்கும் உறவினரிடம் கையெழுத்துக் கேட்கப்படுவதால், இந்தப் பேச்சு அதற்கு முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும்.

ஒப்புதலைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோயறிவதற்காக வயிற்றுக்குள் குழாய்க் கருவியால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே இருந்த தாயின் சம்மதத்தோடு அகற்றப்பட்டன. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது என்பதே தீர்ப்பு. கருப்பை அகற்றம் பரிந்துரைக்கப்படும் பெண்கள், மாத்திரையோ ஹார்மோன் பொருத்திய கருத்தடைச் சாதனமோ முதலில் முயலத்தக்கதா என்று கேட்பதற்கு இந்தத் தீர்ப்பைவிட வேறு துணை வேண்டியதில்லை.

படி 6: செலவும் இரண்டாம் கருத்தும்

செலவைப் பேசுவதை அவமானமாக நினைக்க வேண்டாம். "எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுக்க முடியாது டாக்டர், இதுல முதல்ல எது?" என்றால் நல்ல மருத்துவர் சீட்டில் இரண்டை மட்டும் வட்டமிட்டுத் தருவார். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களின் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. பரிசோதனைக்காக மட்டும் 'அட்மிட்' ஆகிக்கொள்ளலாம், இன்சூரன்ஸில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் கவனம் தேவை. பரிசோதனை மட்டுமே நோக்கமாக உள்ள அனுமதியைக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் வழக்கமாக விலக்கியே வைத்துள்ளன.

அவசரமில்லாத அறுவைசிகிச்சை எதற்கும் இரண்டாம் கருத்து கேட்பது உங்கள் உரிமை. அதே கட்டடத்தில் அடுத்த அறையில் கேட்காமல், வேறொரு மருத்துவமனையில், முதல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் மட்டும் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவர்களுக்குச் சில வரிகள்

இதைப் படிக்கும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லி அனுப்பப்பட்ட நோயாளி நேராக வீட்டுக்குப் போவதில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகிறார், அங்கே ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். சோதிக்கும்போதே "நுரையீரல் ரெண்டு பக்கமும் தெளிவா இருக்கும்மா, அதனாலதான் எக்ஸ்ரே வேண்டாம்னு சொல்றேன்" என்று வாய்விட்டுச் சொன்னால், எழுதாத சீட்டும் கவனிப்பாகவே அவருக்குப் படும்.

படி 7: பழைய மாத்திரைகளை மறுபடி எண்ணுங்கள்

தொடங்கிய மாத்திரையை நிறுத்த யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. வலி மாத்திரையோடு ஐந்து நாளுக்கு எழுதப்பட்ட 'கேஸ் மாத்திரை' ஐந்து ஆண்டுகளாகக் காலை வெறும் வயிற்றில் தொடர்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம்; நெடுங்காலம் எடுத்தால் வைட்டமின் பி12, மக்னீசியம் குறைய வாய்ப்புண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மஞ்சப்பையை மருத்துவர் மேசைமேல் கொட்டி, "இதுல எதை நிறுத்தலாம் டாக்டர்?" என்று கேளுங்கள். இரத்த அழுத்தம், வலிப்பு, இதயம் ஆகியவற்றுக்கான மருந்துகளையும் ஸ்டீராய்டுகளையும் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கேஸ் மாத்திரையைக்கூடத் திடீரென விட்டால் சில நாள் நெஞ்செரிச்சல் கூடும் என்பதால், அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.